பின்னிய துணியைப் பீங்கானாக்கும்போது ஏன் உதிர்கிறது? பின்னலும் மண்ணும் சேரும் வழிகள்

கேள்வி இது: ஊசிப் பின்னல் நன்றாக வரும், மண் வேலையும் ஓரளவு பழக்கம். அக்ரிலிக் நூலில் பின்னிய ஒரு துண்டைப் பீங்கான் ஸ்லிப்பில் (தண்ணீரில் கரைத்த மண் குழம்பில்) முக்கிச் சுட்டதில் பாதி தூளாகக் கிடந்தது, மீதி கை பட்டதும் நொறுங்கியது. எங்கே தவறு? பின்னலையும் மண்ணையும் சேர்க்க வேறு வழி உண்டா?

தவறு நூலிலேயே தொடங்கிவிட்டது. சூளையில் நூல் முழுவதும் எரிந்து போகும். ஆனால் நூல் எத்தனை பருமன், எவ்வளவு தளர்வாக முறுக்கியது, ஸ்லிப்பை உள்ளே இழுத்ததா இல்லையா என்பதெல்லாம் அப்படியே மண்ணில் பதிந்து நிற்கும். பீங்கானின் பலமும் பலவீனமும் பின்ன உட்காரும்போதே தீர்மானமாகின்றன.

அக்ரிலிக் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது. ஸ்லிப் என்பது தண்ணீரில் மிதக்கும் மண் துகள். நூல் தண்ணீரை இழுத்தால்தான் கூடவே மண்ணும் இழைகளுக்கு நடுவே போகும். அக்ரிலிக்கில் மண் மேற்பூச்சாகவே நின்றுவிடுகிறது. சூடேறும்போது இந்த நூல் சுருங்கி, இளகி, மேலே ஒட்டிய மெல்லிய மண் ஓட்டை இழுத்துப் பிளக்கும். அதைவிட முக்கியம், அக்ரிலிக் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். எவ்வளவு நல்ல காற்றோட்டம் இருந்தாலும் அதைச் சூளையில் வைக்காதீர்கள். பாலியெஸ்டர், நைலானுக்கும் அதே தடை. கம்பளி இயற்கை இழைதானே என்று தோன்றும். அதன் செதில்களும் எண்ணெய்ப் பசையும் தண்ணீரைத் தள்ளும், எரியும் புகையும் மிக மோசம். கம்பளியைக் கடைசியில் சொல்லப்போகும் துளை வேலைக்கு ஒதுக்கி வையுங்கள்.

எரிக்கும் வேலைக்குப் பருத்திதான். லினன், சணலும் சரி. தளர்வாக முறுக்கிய, பஞ்சு போன்ற நூலாகப் பாருங்கள். பளபளப்பான, இறுக்கி முறுக்கிய குரோஷே நூல் அழகாக இருக்கும், ஆனால் ஸ்லிப் உள்ளே இறங்காது. ஒரு சொட்டு தண்ணீரை நூல்மேல் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உடனே மறைந்தால் நல்ல நூல். முத்துப்போல் உருண்டு நின்றால் மெழுகோ கஞ்சியோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து அலசினால் அது போய்விடும். பின்னிய பிறகு கொதிக்கவைப்பது இன்னும் நல்லது. பருத்தி சுருங்க வேண்டியதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும்.

நூலின் பருமன் 2 முதல் 4 மி.மீ. இருக்கட்டும். அதற்கு 7 முதல் 10 மி.மீ. ஊசி எடுங்கள். ஸ்வெட்டர் பின்னுகிறவர் கைக்கு இது அசிங்கமாக, ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டைகள் வேண்டும். ஸ்லிப் ஏறியதும் ஒவ்வொரு நூலும் தடித்துக் கண்ணிகள் அடையும். வழக்கமான இறுக்கத்தில் பின்னியது முக்கி எடுத்ததும் ஒரே மண் தகடாகிவிடும், பின்னல் என்றே தெரியாது. தடித்த நூல் இல்லையென்றால் மெல்லிய நூலை மூன்று இழையாகச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள். இழைகளுக்கு நடுவேயுள்ள சந்துகளில் மண் நன்றாகத் தங்கும் என்பதால், ஒற்றைத் தடி நூலைவிட இதுவே மேல்.

எல்லாப் பின்னல் தையலும் மண்ணுக்கு ஒத்துவராது. ஒரு பக்கம் வழவழப்பாக வரும் ஸ்டாக்கினெட் தையலின் ஓரம் சுருளும், ஈரப் பாரத்தில் இன்னும் மோசமாகும். அந்தச் சுருளே வேண்டுமென்றால் அழகுதான், தட்டையாக வேண்டுமென்றால் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும் கார்ட்டர் தையல். கயிறுபோல் முறுக்கி வரும் கேபிள் பின்னல் பிரமாதமாக வரும், ஏனென்றால் அதன் மேடுபள்ளம் பெரியது. மாஸ் தையலின் சின்ன முடிச்சுகள் இரண்டாவது பூச்சிலேயே காணாமல் போகும். நூல் முனைகளை உள்ளே செருகி மறைக்க வேண்டாம். அங்கே மண் குவிந்து, மற்ற இடம் காய்ந்த பிறகும் ஈரமாக நின்று விரிசல் விடும். ஒரு விரல் நீளம் வெளியே விட்டு, மண் கெட்டியான பின் வெட்டிவிடுங்கள்.

அளவுக் கணக்கு: பீங்கான் மண் ஈரத்திலிருந்து சுட்டு முடியும்வரை பொதுவாக 12 முதல் 15 சதவீதம் சுருங்கும். நீங்கள் வாங்கிய மண்ணுக்கு 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முடிவில் 20 செ.மீ. அகலம் வேண்டியதற்கு 20-ஐ 0.87-ஆல் வகுக்க 23 செ.மீ. வரும். இந்த 23-ஐப் பின்னி முடித்ததும் அளக்காதீர்கள். ஸ்லிப்பில் முக்கி அச்சின்மேல் போட்ட பிறகு அளந்து, இழுத்துச் சரிசெய்யுங்கள். ஈரப் பாரத்தில் பின்னல் எவ்வளவு நீளும் என்பது தையலுக்குத் தையல் மாறும்.

அடுத்தது ஸ்லிப். மண்ணை வெறும் தண்ணீரில் கரைத்தால் முக்குகிற பதத்துக்கு நிறையத் தண்ணீர் பிடிக்கும். நிறையத் தண்ணீர் என்றால் நிறையச் சுருக்கம், கண்ணிகள் சேரும் இடமெல்லாம் மயிரிழை விரிசல். அதனால்தான் சோடியம் சிலிகேட் சேர்க்கிறோம். துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்பதால் குறைந்த தண்ணீரிலேயே ஓடும். காய்ந்த பீங்கான் மண் 1 கிலோ, தண்ணீர் 500 மி.லி., சோடியம் சிலிகேட் 3 முதல் 5 கிராம். சிலிகேட்டைத் தண்ணீரில் முதலில் கலந்துவிட்டு, மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, கலக்கி, 80 கண் (அங்குலத்துக்கு 80 துளை) சல்லடையில் வடியுங்கள். 100 மி.லி. எடுத்து நிறுத்தால் 165 முதல் 170 கிராம் இருக்க வேண்டும். தராசில் பார்ப்பதுதான் நம்பகம், கண்ணளவு ஏமாற்றும். சிலிகேட் கூடினால் ஸ்லிப் மறுபடி கெட்டியாகிவிடும். அப்போது இன்னும் கொஞ்சம் ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். புதிதாகக் கரைத்த, சிலிகேட் இல்லாத ஸ்லிப்பைச் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

அச்சில் வார்க்கக் கடையில் விற்கும் ஆயத்த ஸ்லிப்பையும் பயன்படுத்தலாம். 100 மி.லி.க்கு 175 கிராமுக்கு மேல் நிற்கும் என்பதால், சற்றே தண்ணீர் விட வேண்டியிருக்கும்.

காகிதக் கூழ் சேர்ப்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். கழிப்பறைக் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து மிக்ஸியில் அடித்துப் பிழிந்து, 1 கிலோ மண்ணுக்கு உலர்ந்த காகிதக் கணக்கில் 10 முதல் 20 கிராம். இந்தச் சின்ன இழைகள் கண்ணிகள் குறுக்கிடும் இடங்களில் பாலம்போல் நின்று, சுடாத பச்சை மண்ணுக்குக் கையில் எடுக்கும் பலம் தருகின்றன. சூளைக்குத் தூக்கிப் போகும்போது உடைவதுதான் இந்த வேலையில் பெரிய இழப்பு, அதைப் பெருமளவு தடுப்பது இந்தக் கூழ். ஒரே குறை, சில நாளில் அழுகி நாறும். தேவைக்கு மட்டும் கலக்குங்கள். அந்த மிக்ஸி பிறகு சமையலுக்கு வேண்டாம்.

இனி முக்குவது. பின்னலைத் தண்ணீரில் நனைத்து, முறுக்கிப் பிழிந்து, ஈரமாகவே ஸ்லிப்பில் இறக்குங்கள். காய்ந்த நூலை நேராக முக்கினால் அது தண்ணீரை மட்டும் வேகமாக உறிஞ்ச, மண் வெளியே வடிகட்டி நின்று தோலாகிவிடும். உள்ளே வெறும் நூல், வெளியே ஓடு. ஈரப் பின்னலை ஸ்லிப்புக்கு அடியிலேயே வைத்துத் துணி துவைப்பதுபோல் கசக்கி விடுங்கள். குமிழ் வருவது நிற்கும்வரை, கைப்பிடி அளவு துண்டுக்கு இரண்டு மூன்று நிமிடம். எடுத்து இலேசாகப் பிழியுங்கள், முறுக்க வேண்டாம். அடைத்த கண்ணிகளை வாயால் ஊதியோ மெல்லிய தூரிகையாலோ திறங்கள்.

இரண்டாவது பூச்சு எப்போது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முதல் பூச்சு தோல் பதத்துக்கு வந்திருக்க வேண்டும்: தொட்டால் கையில் ஒட்டாது, ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். முழுதாகக் காய்ந்தபின் பூசினால் பழைய பூச்சு சுருங்கி முடித்திருக்கும், புதியது இனிமேல்தான் சுருங்கும், அதனால் செதில் செதிலாகப் பெயரும். மூன்று பூச்சு போதும். நான்காவதில் பலம் கூடும், ஆனால் கண்ணியின் ‘V’ வடிவம் மழுங்கிப் போகும்.

அச்சைப் பற்றி ஒரு விஷயம். கெட்டியான கிண்ணத்தின்மேல் கவிழ்த்துக் காயவைத்தால் மண் சுருங்க இடமின்றி அடிப்பகுதியில் பிளக்கும். பலூனை ஊதி அதன்மேல் போர்த்தி, தோல் பதம் வந்ததும் காற்றை மெதுவாக இறக்குவது சுலபம். கிண்ணம்தான் இருக்கிறது என்றால் அதைச் சுற்றி நாலைந்து மடிப்புச் செய்தித்தாள் வையுங்கள், தாள் நசுங்கி இடம் கொடுக்கும். கொடியில் தொங்கவிடாதீர்கள். மேல் வரிசைக் கண்ணிகள் பாரம் தாங்காமல் மெலிந்துவிடும். காய்ந்த துண்டை உதறவோ, சிந்திய மண்ணை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி நாளடைவில் நோய் தரும். ஈர ஸ்பாஞ்சால் துடைத்தெடுங்கள்.

சூளையில் முக்கியமானது பொறுமை. 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு மணி நேரம் நிறுத்தி எல்லா ஈரத்தையும் விரட்டுங்கள். அங்கிருந்து 600 டிகிரி வரை மணிக்கு 60 டிகிரிக்கு மேல் வேண்டாம், இதற்கே எட்டரை மணி நேரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பருத்தி கருகி, கரியாகி, கரியும் எரிந்து போகிறது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் படிக அமைப்பை மாற்றித் திடீரென விரிவதும் இங்கேதான். 650 வரை சூளையின் மேல் துவாரம் திறந்திருக்கட்டும். கரி எரிய ஆக்சிஜன் வேண்டும். அது கிடைக்காமல் அவசரப்பட்டு ஏற்றினால் கரி உள்ளே மாட்டிக்கொண்டு, மேலே மண் இறுகும்போது உப்பலும் கறுப்பு நடுவும் தரும். பிறகு மணிக்கு 150 டிகிரி வீதம், உங்கள் மண்ணின் முதிர்ச்சி வெப்பம்வரை. கோன் 6 (கோன் என்பது சூளைச் சூட்டை அளக்கும் எண் வரிசை) பீங்கானுக்குச் சுமார் 1220 டிகிரி.

புகை வரும். சூளை இருக்கும் அறையில் யாரும் உட்கார வேண்டாம், காற்று வெளியே போக வழி இருக்கட்டும். மின் சூளையில் ஒரே தடவையில் நிறையத் துணியை அடைத்தால் உள்ளே ஆக்சிஜன் பற்றாக்குறையாகி, கம்பிச் சுருள்களின் மேலுள்ள காப்புப் படலமும் கெடும். சிறிதளவே வைத்து, அடுத்த தடவை துணி இல்லாமல் ஒரு சாதாரணச் சூடு போடுங்கள், படலம் மறுபடி உருவாகும்.

முதலில் பிஸ்க் (மேற்பூச்சு இல்லாத முதல் சூடு), பிறகு கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) என்று இரண்டு சூடு வைப்பது பழக்கம். இந்த வேலைக்கு அது ஆகாது. 1000 டிகிரியில் எடுத்த பின்னல் சுண்ணாம்புபோல் இருக்கும், நூலும் போயிருக்கும், மண்ணும் இறுகியிருக்காது. இடம் மாற்றும்போதே விழுந்துவிடும். உங்கள் துண்டை எந்த வெப்பத்தில் சுட்டீர்கள் என்று கேள்வியில் இல்லை என்றாலும், கை பட்டதும் நொறுங்கியது என்றால் பிஸ்க் வெப்பத்தில் நிறுத்தியதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஒரே சூட்டில் முதிர்ச்சிவரை போய்விடுங்கள்.

அப்படிப் போகும்போது பீங்கான் இளகும், நின்றது சாயும். நிமிர்ந்த வடிவம் வேண்டுமானால் உள்ளே அலுமினாத் தூள் (இந்தச் சூட்டில் உருகாத, ஒட்டாத வெள்ளைத் தூள்) நிரப்பியோ, அலுமினா பூசிய பிஸ்க் அச்சின்மேல் வைத்தோ தாங்க வேண்டும். தட்டையான துண்டுக்கு அதே மண்ணில் ஒரு மெல்லிய தகடு செய்து, இடையே அலுமினா தூவி, இரண்டையும் சேர்த்துச் சுடுங்கள். தகடும் அதே அளவில் சுருங்குவதால் துண்டை இழுத்துக் கிழிக்காது. தகட்டைப் பிறகு எறிந்துவிடலாம்.

உடைந்த துண்டுகளை எறிவதற்குமுன் ஒரு கண்ணியைக் குறுக்கே முறித்து, பூதக்கண்ணாடியில் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவே சுத்தமான ஒரு குழாய், சுற்றி முட்டை ஓடு போன்ற சுவர் என்றால் மண் உள்ளே போகவே இல்லை: நூல் தவறு, அல்லது காய்ந்த நூலை முக்கியிருக்கிறீர்கள். ஸ்பாஞ்சைப் போல நூற்றுக்கணக்கான ஊசித் துளைகளும் இடையே வெள்ளை மண்ணும் தெரிந்தால் சரியாகக் கசக்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு துளையும் ஒரு பருத்தி இழை இருந்த இடம். வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக இருந்தால் பூச்சுகளுக்கு நடுவே காய விட்டது. நடுவில் சாம்பல் அல்லது கறுப்பு வளையம் இருந்தால் கரி எரியவில்லை, ஏற்றம் வேகம். உங்கள் அக்ரிலிக் துண்டில் முதல் வகைதான் தெரியும்.

இந்த முறை புதிதல்ல. 1710-இல் ஜெர்மனியின் மைசன் நகரில் பீங்கான் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, ஜெர்மன் பொம்மைச் செய்வோர் அசல் லேஸ் துணியைப் பீங்கான் ஸ்லிப்பில் தோய்த்துப் பொம்மைகளுக்குப் பாவாடையாக உடுத்திச் சுட்டார்கள். டிரெஸ்டன் லேஸ் என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. அந்தப் பொம்மைகளில் முதலில் உடைவது எப்போதும் பாவாடை ஓரம்தான். கனமான பருத்தி நூலில் பின்னுகிறவருக்கு அவர்களைவிட ஒரு வசதி உண்டு, சுவர் தடிமனை நாமே தேர்ந்தெடுக்கிறோம்.

நிறத்தை ஸ்லிப்பிலேயே சேர்த்துவிடுங்கள்: பீங்கான் ஸ்டெயின் (சூட்டைத் தாங்கும் நிறத் தூள்) உலர் மண் எடையில் 5 முதல் 10 சதவீதம். முதிர்ந்த பீங்கான் தண்ணீர் இழுக்காது, மேலே கிளேஸ் ஒட்டாமல் வழியும், ஒட்டினாலும் கண்ணிகளை அடைக்கும். பளபளப்பு கட்டாயம் வேண்டுமென்றால் துண்டை இலேசாகச் சூடாக்கி மெல்லிதாகத் தெளிக்கலாம். உணவு வைக்கும் பாத்திரமாக இதைச் செய்யாதீர்கள், அந்தத் துளைகளைக் கழுவ முடியாது. விளக்கு மறைப்புக்கு அருமை. எல்இடி பல்பு மட்டும்.

எரிக்காமல் பின்னலின் முகத்தை மட்டும் மண்ணில் எடுப்பது இரண்டாவது வழி. செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்சே பகுதியில் கிடைத்த, 25,000 ஆண்டுகளுக்கும் பழைய சுட்ட மண் துண்டுகளில் நெய்த இழைகளின் தடம் இருக்கிறது. ஜப்பானின் பழங்கால ஜோமோன் மட்பாண்டங்களுக்கு அந்தப் பெயரே கயிற்றுத் தடத்தால் வந்தது. செய்வது எளிது: 6 முதல் 8 மி.மீ. தகடு, மேலே ஈரம் இல்லாத பின்னல், உருளையை ஒரே திசையில் ஒரே ஒரு தடவை. இரண்டாம் முறை உருட்டினால் தடம் இரட்டையாகும். ஆனால் பதிவது எதிர்ப்படிவம், மேடு பள்ளமாகும். அசல் ஸ்வெட்டர் போலப் புடைத்து நிற்க வேண்டுமானால் பின்னலைப் பலகையில் ஒட்டி, ஷெல்லாக் (அரக்கு மெருகு) இரண்டு பூச்சு கொடுத்துக் கெட்டியாக்கி, சோப்புக் கரைசல் தடவி, 1 கிலோ பிளாஸ்டருக்கு 700 மி.லி. தண்ணீர் வீதம் கலந்து அச்சு எடுங்கள். ஷெல்லாக்கில் கஞ்சத்தனம் செய்தால் பிளாஸ்டர் கண்ணிகளுக்கு அடியில் புகுந்து பூட்டிக்கொள்ளும், நூலைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டிவரும்.

மண்ணையே நூலாகப் பின்ன முடியுமா என்பதும் அடிக்கடி கேட்கப்படும். மண் திரி கண்ணியின் வளைவில் முறிந்துவிடும். தடித்த பருத்திக் கயிற்றை ஸ்லிப்பில் கசக்கி, ஈரமாகவே விரல்களில் பின்னலாம், அது ஒன்றுதான் ஓரளவு நடக்கும். கரோல் மில்ன் என்ற அமெரிக்கக் கலைஞரின் கண்ணாடிப் பின்னல்களைப் பார்த்து இந்த ஆசை வருகிறது. அவர் உருகிய கண்ணாடியைப் பின்னுவதில்லை. மெழுகில் வடிவம் செய்து, அச்சு எடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் கண்ணாடியை நிரப்புகிறார்.

மூன்றாவது வழியில் நூல் நூலாகவே இருக்கும்: சுட்ட பாத்திரத்தின் விளிம்புத் துளைகளில் கண்ணி எடுத்து மேலே பின்னுவது. கம்பளிக்கு இங்கே இடம் உண்டு. கணக்கைத் தோல் பதத்திலேயே போட்டாக வேண்டும். சுட்டபின் விளிம்புச் சுற்றளவு 40 செ.மீ., உங்கள் பின்னல் 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்றால் மொத்தம் 80 கண்ணி. 80 துளை போட்டால் இடைவெளி 5 மி.மீ. மட்டுமே, விளிம்பு அஞ்சல்தலை ஓரம்போல் கிழியும். 40 துளை போட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணி எடுங்கள். 12 சதவீதம் சுருங்கும் மண்ணில் ஈரச் சுற்றளவு 45.5 செ.மீ., துளை நடுவிலிருந்து அடுத்த துளை நடுவுக்கு 11.4 மி.மீ. முடிவில் 3 மி.மீ. துளை வேண்டியதற்கு 3.4 மி.மீ. குத்துங்கள், விளிம்பிலிருந்து குறைந்தது 8 மி.மீ. உள்ளே தள்ளி. குத்தியதும் உள்பக்கம் எழும் பிசிரை உடனே துடைக்காதீர்கள், அது மறுபடி துளைக்குள்ளேயே போய் அடைக்கும். காய்ந்து உதிரும் பதத்தில் ஈர ஸ்பாஞ்சால் இரு பக்கமும் வட்டமாகத் தேயுங்கள். கிளேஸ் போடுமுன் துளைகளில் மெழுகு தடவ மறந்தால் பாதி அடைபட்டு வரும். சுட்டபின் மெல்லிய பருத்தி நூல் ஒன்றை ஒவ்வொரு துளையிலும் நாலு தடவை இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே பஞ்சாகப் பிய்கிறதோ அங்கே கூர் இருக்கிறது. வைரத் தூள் தடவிய சின்ன அரத்தைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் அடங்கும். முதல் சுற்றைக் குரோஷே ஊசியால் போட்டு, அதிலிருந்து பின்னல் ஊசிக்குக் கண்ணிகளை மாற்றினால் ஊசி பீங்கானில் மோதாது.